மூன்று மடங்கு வேகம்

எனக்கு நல்ல செய்தி என்றால் ரொம்பப் பிடிக்கும். அது உண்மையா என்று பார்ப்பதுதான் கொஞ்சம் பிடிக்காது. இந்தக் குணத்தோடு நான் நிலம் விற்கப் போயிருந்தால் ஒரகடத்தில் இன்றைக்கு என் பெயரில் ஒரு நகரே இருந்திருக்கும். விதி, ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கார் பாகம் செய்கிற கம்பெனிகள். அவர்கள் இரும்பை அடிக்கும்போது எங்கள் மைக்ரோஸ்கோப் மேஜை லேசாகத் தும்மும். மருந்துக் கம்பெனிகள் தங்கள் மருந்தை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அதை உயிருள்ள செல்கள் மேல் ஊற்றி, என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்வோம். என் பெயர் டெனிசன். மைக்ரோஸ்கோப் அறை என் பொறுப்பு. பதினான்கு வருட அனுபவம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அதில் எத்தனை வருடம் கண் திறந்திருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த அக்டோபரில் பெங்களூர் கம்பெனி ஒன்று எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. செல்லின் மேல்தோலில் புரதங்கள் பதிந்திருக்கும். சும்மா பதிந்திருக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். அவர்களுடைய மருந்தைப் போட்டால் அந்த நகர்வு கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்க்கிற விதம் எளிது. புரதங்கள் பச்சையாக ஒளிரும்படி செய்துவிடுவோம். பிறகு ஓர் இடத்தில் மட்டும் லேசரை அடித்து அங்கிருக்கிற ஒளியை அணைத்துவிடுவோம். ஒரு கறுப்புப் பொட்டு விழும். அக்கம்பக்கத்திலிருந்து ஒளிரும் புரதங்கள் நகர்ந்து வந்து பொட்டை நிரப்பும். ஷிஃப்ட் பஸ் கிளம்பியதும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அது நின்ற இடம் காலியாகி, ஜனம் வந்து அடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. எவ்வளவு நேரத்தில் பாதி நிரம்புகிறது என்று கணக்கெடுத்தால் அதுதான் வேகம்.

மருந்து போடாத செல்களை முந்தின வாரம், ஆயுத பூஜைக்கு முன்பே எடுத்துவைத்திருந்தேன். நாற்பது நொடி. பூஜை விடுமுறை எல்லாம் முடிந்து திங்கட்கிழமை மருந்து போட்டோம். செவ்வாய் மதியம் எடுத்தேன். பன்னிரண்டு நொடி.

மூன்று மடங்குக்கு மேல் வேகம். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒரு வரைபடம் போட்டு, மருந்து போட்ட சிவப்புக் கோடு போடாத பச்சைக் கோட்டைத் தாண்டி ஓடுகிற அழகை நாலு தடவை ரசித்துவிட்டு எங்கள் தலைவர் சுப்பராயன் சாருக்கு அனுப்பினேன். அவர் பத்தாவது நிமிடம் பெங்களூருக்கு அனுப்பினார். இருபதாவது நிமிடம் மைசூர்பாகு வந்துவிட்டது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்பதால் பதிவு செய்துவைக்கிறேன்.

மைசூர்பாகு எடுக்காத ஒரே ஆள் சந்தனமாரி.

சந்தனமாரி தென்காசிப் பக்கத்துப் பெண். விலங்கியல் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு இங்கே யாரும் கதவைத் திறக்காததால் மூன்று வருடம் ஒரு போன் கம்பெனியில் லைனில் நின்றவள். அந்தக் கம்பெனி மூடிய பிறகு எங்களிடம் வந்தாள். செல்களை வளர்ப்பதும், பெரிய இன்குபேட்டரிலிருந்து எடுத்துச் சின்னத் தட்டுகளுக்கு மாற்றி என் அறையில் இருக்கிற சின்ன இன்குபேட்டருக்குக் கொண்டுவருவதும் அவள் வேலை. கான்டிராக்டர் மூலம் ஆறு மாதம் தற்காலிகம். அந்த ஆறு மாதம் அதே வார வெள்ளிக்கிழமையோடு முடியவிருந்தது. அன்றைக்கு சுப்பராயன் சார் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் கான்டிராக்டர் அவளை மறுபடி எங்காவது ஒரு லைனில் நிறுத்திவிடுவார்.

எல்லோரும் போன பிறகு அவள் என் அறைக்கு வந்து, படத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சிவப்புக் கோட்டைத்தான் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கோட்டைப் பார்க்கவே இல்லை. செல்லின் ஓரத்தைக் காட்டினாள்.

“சார், இங்கன பாருங்க. ஓரத்துல முட்டை முட்டையா ஊதிக்கிட்டு நிக்கி. இது சாவப் போற செல்லு.”

நான் சிரித்தேன். செத்த செல்லைக் கண்டுபிடிக்க ஒரு நீலச் சாயம் உண்டு. உயிரோடு இருக்கிற செல் அதை உள்ளே விடாது. செத்ததுக்குள் சாயம் ஏறிவிடும். அன்று காலை நானே சாயம் போட்டுப் பார்த்திருந்தேன். நூற்றில் ஒன்றோ இரண்டோதான் நீலம். “இன்னாமா நீ, இவ்ளோ சுறுசுறுப்பா ஓடிக்கினு இருக்குது, சாவுதுன்ற” என்றேன். சாகப்போகிறவன் ஓட மாட்டான் என்பது என் பதினான்கு வருட விஞ்ஞானம்.

அவள் படத்தை அந்த ஓரத்திலேயே நிறுத்தினாள். பிறகு சொன்னாள்.

“நான் லைன்ல மூணு வருசம் நின்னேன்லா சார். என் இடம் ஒரு மஞ்சக் கோட்டுக்குள்ள. டாய்லெட் போவணும்னாலும் டோக்கன் வாங்கணும். பக்கத்து லைன்ல எங்க ஊர்ப் பிள்ளையே நின்னா, ஒரு நா போயிப் பேச முடியல. கம்பெனிய மூடுன அன்னைக்குத்தான் ஒருத்தரும் தடுக்கல. எல்லாரும் எல்லா லைனுக்கும் போனோம். கேன்டீன்காரங்க கூட உள்ள வந்துட்டாவ. வெளிய நின்னு யாராவது பாத்திருந்தா, ஏயப்பா, என்ன ஓட்டம் ஓடுதாவ, கம்பெனி நல்லா நடக்குன்னுதான் நெனச்சிருப்பாவ.”

நான் மைசூர்பாகு ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது பாடத்தில் உள்ளதுதான். செல்லின் தோலுக்கு அடியில் மெல்லிய கயிறுகளால் பின்னிய ஒரு வலை இருக்கிறது. அதுதான் புரதங்களைக் கட்டிவைத்து, வேலியடித்து, அவரவர் இடத்தில் நிறுத்துகிறது. செல் சாகத் தொடங்கும்போது தோல் அந்த வலையை விட்டுப் பிரிந்து குமிழ் குமிழாக ஊதும். குமிழில் கயிறும் இல்லை, வேலியும் இல்லை. புரதங்கள் இஷ்டத்துக்கு ஓடும். கல்லூரியில் இதற்குப் படம் வரைந்து நான் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தது பிழைப்புக்கு எதற்கு என்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போல.

ஆனாலும் எதிர்த்துப் பார்த்தேன். மருந்தினால் ஓடுகிறதா, சாவினால் ஓடுகிறதா என்று எப்படிச் சொல்வாய் என்றேன். மருந்து போடாத தட்டு இரண்டை அதே இன்குபேட்டரில், அதே திங்கட்கிழமை வைத்திருப்பதாகச் சொன்னாள். யாரும் கேட்காமல் வைத்திருக்கிறாள். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்குக் காரணம் என்னிடம் போன வாரத்து நாற்பது நொடி பத்திரமாக இருந்ததுதான். போன வாரத்துச் செல்லையும் இந்த வாரத்துச் செல்லையும் ஒப்பிட்டால் மருந்து ஒன்று மட்டும்தான் மாறியிருக்கும் என்று எனக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்களோ தெரியாது.

அதில் ஒரு தட்டில் லேசரை அடித்தோம். பதினொரு நொடி. மருந்தே படாத செல்.

மறுநாள் காலை மறுபடி சாயம் போட்டபோது பாதிக்குப் பாதி நீலம்.

புதன்கிழமை சுப்பராயன் சாரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நல்ல செய்தியை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கும் வேதனையில் இருந்தார், அவ்வளவுதான். அவர் யோசித்த விதமும் நேரானதுதான். பெரிய இன்குபேட்டரில் செல்கள் நன்றாக இருக்கின்றன. சின்னத் தட்டுக்கு மாற்றி மைக்ரோஸ்கோப் அறைக்கு வந்த பிறகு சாகின்றன. தட்டுக்கு மாற்றுவது யார்? சந்தனமாரி. லைனில் நின்ற கை, நுணுக்கமான வேலைக்குப் பழகவில்லை என்று அவர் முடிவுகட்டினார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு பெங்களூரோடு வீடியோவில் பேச வேண்டும். அதிலேயே ஆளை மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிடலாம் என்றார்.

நான் அவளைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. தன் நோட்டை எடுத்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு எந்தத் தட்டை மாற்றினாள், எத்தனை தடவை கை துடைத்தாள் என்று வரிசையாக எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். பிறகு, இதே கையால் மாற்றிய செல்தானே முந்தின வாரம் நாற்பது நொடி காட்டியது என்று கேட்டாள். அவள் கை மாறவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என் அறையில் மாறியிருக்கிறது.

வியாழக்கிழமை காலை என் அறையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெப்பம் சரி. ஈரம் சரி. கரியமில வாயு ஐந்து சதவீதம் என்று இன்குபேட்டர் திரை அரிச்சந்திரன் மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. கடைசியாகச் சுவரோரம் நின்ற வாயு சிலிண்டருக்கு வந்தேன். அதன் வயிற்றில் இரண்டு கை அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பூஜை விடுமுறையில் எங்களுக்கு வழக்கமாகச் சிலிண்டர் தருகிறவர்கள் கடையை மூடிவிட்டார்கள். என் அறைச் சிலிண்டர் சனிக்கிழமை தீர்ந்துவிட்டது. நான் பெரிய சாமர்த்தியமாக, எங்கள் சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் யாகப்பனைக் கூப்பிட்டேன். அவர் இந்த வட்டாரத்து வெல்டிங் ஷாப்புகளுக்கெல்லாம் வாயு கொடுப்பவர். ஒரு மணி நேரத்தில் சிலிண்டரோடு வந்து நின்றார். எங்கள் ரெகுலேட்டர் அதில் பொருந்தவில்லை. நடுவில் மாட்ட ஓர் இணைப்பும் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார். அதற்கும் நன்றி சொன்னேன். பொருந்தாதது ஏன் பொருந்தவில்லை என்று கேட்காமல் நன்றி சொல்கிறவன் நான்.

யாகப்பன் கிடங்கில் வேலை செய்கிறவர்கள் ஆயுத பூஜைக்கு எல்லாச் சிலிண்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அது சரியாகப் பெயர்ச்சீட்டின் மேல் அமைந்திருந்தது. சீட்டைப் படிக்க வேண்டும் என்றால் துடைக்க வேண்டும். நானோ டெனிசன். ஊரெல்லாம் பூஜை போட்ட வாரத்தில் ஒரு டெனிசன் ஈரத்துணியோடு போய்க் குங்குமத்தை அழித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மதநல்லிணக்கத்தைக் காப்பாற்றி, சீட்டைப் படிக்காமல் குழாயைத் திறந்துவிட்டேன். அங்கே பார்க்கிறவர்கள் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை துடைத்தேன். ஆர்கான் எண்பது, கரியமில வாயு இருபது. வெல்டிங் கலவை. எங்களுக்கு வேண்டியது சுத்தமான கரியமில வாயு.

யாகப்பனுக்கு போன் போட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“இன்னா டெனிசு, மேலயே எழுதிகீது. நீ காஸ் வேணும்னு சொன்ன, நான் குட்த்தேன். வல்லத்துல நாப்பது ஷாப்புக்குக் குடுக்கிறேன்பா, ஒருத்தன் கூட செத்துப் போச்சுன்னு சொன்னதில்ல.”

இன்குபேட்டரையும் குறை சொல்ல முடியாது. பழைய ரகம். உள்ளே இருக்கிற காற்று சூட்டை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்துத்தான் அது கரியமில வாயுவை அளக்கும். ஆர்கானும் சூட்டைக் கடத்துவதில் கரியமில வாயுவின் தம்பி மாதிரி. அதனால் ஆர்கானையும் சேர்த்து எண்ணி ஐந்து சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் இருந்தது ஒரு சதவீதம். அது குறைந்ததால் செல்கள் இருந்த நீரில் அவற்றால் தாங்க முடியாத அளவுக்குக் காரத்தன்மை ஏறிவிட்டது. வழக்கமான நீராக இருந்தால் அதில் ஒரு சாயம் கலந்திருக்கும், நிறம் மாறிக் காட்டிக்கொடுத்திருக்கும். படம் எடுக்கிற தட்டுகளுக்கு நிறமில்லாத நீர்தான் ஊற்றுவோம். என் முட்டாள்தனத்துக்கு எல்லாப் பக்கமும் ஒத்துழைப்பு கிடைத்திருந்தது.

சரியான சிலிண்டரை மாட்டினேன். அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று மனம் சொன்னது. இனிமேல் செல்கள் சாகா. ஆனால் இதுவரை செத்ததெல்லாம் சந்தனமாரி பெயரில் இருந்தது. அவள் போன மறுவாரம் செல்கள் நன்றாக இருந்தால், அவள் போனதால்தான் நன்றாயிற்று என்று அது நிரூபணமும் ஆகிவிடும். அந்த வரைபடத்தையும் நான்தான் போட வேண்டும்.

அன்று முழுக்க ஒரு வாக்கியம் தயார் செய்தேன். “வாயு வழங்கலில் ஏற்பட்ட ஒரு சிறு மாறுபாட்டின் காரணமாக.” என்ன அழகான வாக்கியம். அதற்குள் ஓர் ஆள் கூடக் கிடையாது. வாயு தானாக வந்தது, தானாக மாறியது, தானாக ஏற்பட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. திரையில் பெங்களூர் கம்பெனியின் வேல்விழி மேடம். சிரிக்காமல் கேட்கிறவர். சுப்பராயன் சார் பக்கத்தில், சந்தனமாரி கதவோரம். அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை, தட்டு விவரம் கேட்டால் சொல்வதற்கென்று நான்தான் நிற்கச் சொன்னேன்.

என் வாக்கியத்தைச் சொன்னேன். சுப்பராயன் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆமாம், வாயுவிலும் ஒரு பிரச்சினை இருந்தது, செல்லைக் கையாண்டதிலும் இருந்தது, இரண்டையும் சரிசெய்கிறோம், ஆளையும் மாற்றுகிறோம் என்று மேடத்திடம் சொன்னார். சந்தனமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாக்கியத்தில் ஆள் இல்லாததால், காலியாக இருந்த அந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். வீடியோவில் எழுந்து நின்றால் தலை தெரியாது, வயிறுதான் தெரியும் என்று பிற்பாடு தெரிந்தது. மேடம் என் வாக்குமூலம் முழுவதையும் என் வயிற்றிடமிருந்துதான் கேட்டார்.

“மேடம், கையாண்டதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு சிலிண்டர் நான் வாங்கினது. சீட்டைப் படிக்காம மாட்டினது நான். மருந்து போடாத செல்லை அதே நாள்ல எடுக்காம, போன வாரத்துக் கணக்கை வச்சி மூணு மடங்குன்னு அனுப்பினதும் நான்தான். இந்தப் பொண்ணு செவ்வாக்கிழமையே சாவுதுன்னு சொல்லிச்சு. நான் சிரிச்சேன்.”

ஏன் சீட்டைப் படிக்கவில்லை என்று மேடம் கேட்டார். குங்குமத்தைப் பற்றிச் சொன்னேன். திரையில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், இணைப்புக் கோளாறாகவும் இருக்கலாம்.

பிறகு அவர் குங்குமத்தை விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை என்று சொன்னீர்களே, அன்றைக்குச் சாயம் போட்டுப் பார்த்தீர்களா என்றார். சந்தனமாரி நோட்டோடு முன்னால் வந்தாள். செவ்வாய் காலை சாயம் ஏறியது நூற்றில் இரண்டு; அன்று மதியமே மருந்து போட்ட செல்லில் ஓட்டம் பன்னிரண்டு நொடி, சாயங்காலம் மருந்து படாத செல்லில் பதினொன்று; புதன் காலைதான் பாதி நீலம் என்று படித்தாள்.

மேடம் கணக்குப் போட்டுக்கொண்டார். அப்படியானால் சாயம் கண்டுபிடிப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்னாடியே புரதங்களின் ஓட்டம் மாறிவிட்டது என்றார். தாங்கள் செல்லைக் கொல்லாத மருந்து தேடுகிறவர்கள் என்றும், செத்த பிறகு செத்தது என்று சொல்கிற சாயத்தால் தங்களுக்குப் பாதிப் பிரயோஜனம்தான் என்றும் சொன்னார். மூன்று மடங்கு அறிக்கையைக் குப்பையில் போடச் சொன்னார். மருந்துச் சோதனையை முதலிலிருந்து, எங்கள் செலவில், செய்யச் சொன்னார். சுப்பராயன் சார் கண்ணை மூடித் திறந்தார். கடைசியாக ஒன்று கேட்டார் மேடம்.

“சாகிற செல்லில் மணிக்கு மணி இந்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். அது வேறு வேலை, அதற்கு வேறு ஆர்டர். இவங்கதான் செய்யணும். முடியுமா?”

‘இவங்க’ என்றால் யார் என்று சுப்பராயன் சார் ஒரு நிமிடம் பார்த்தார். ஆளை மாற்றுகிறோம் என்று சொன்ன வாய் இன்னும் காயவில்லை. பிறகு, கண்டிப்பாக மேடம், எங்கள் நிரந்தரப் பணியாளர்தான் என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு காகிதத்தில் வர பிற்பகல் நாலு மணி ஆயிற்று. கையெழுத்துப் போடும்போது, கைக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் அவராகவே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் அன்று காலைதான் அந்தப் பயிற்சி எடுத்திருந்தேன்.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. எச்சரிக்கைக் கடிதம். இனி என் அறைக்கு வரும் ஒவ்வொரு சிலிண்டரின் சீட்டையும் நான் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. கேட்கிற ஆள் சந்தனமாரி என்றும் இருந்தது.

நாலரை மணிக்கு அவள் மாடிப்படி ஓரமாக நின்று ஊருக்கு போன் பேசிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது. நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மூன்று தடவை சொன்னாள். அம்மா என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும்.

“செல்லு எப்படிச் சாவுதுன்னு கூடவே இருந்து பாக்கணும்மா. ஒவ்வொரு மணி நேரமும்.”

அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளைக்குச் சாவுக்குக் காவல் இருக்கிற வேலையைத்தான் கொடுப்பார்களா, அந்த டெனிசன் சாரிடம் சொல்லி வேறு நல்ல வேலையாக வாங்கிக்கொள் என்று அம்மா சொல்வதாகச் சொன்னாள்.

“இன்னா சொல்லப் போற?” என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு போனில், “இல்லம்மா, கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிட்டுன்னா காப்பாத்திரலாம்லா” என்றாள். சொல்லிவிட்டு, அம்மா அதற்கு என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.